என் கோப்பைத் திறந்த பதினொரு பேர்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இருமல் மாத்திரை வாங்க மருந்தகத்துக்குப் போனேன். மருந்தாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒன்பது வருடமாக இந்த மருத்துவமனையில் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். என்னைக் கண்டதும் அவர் வழக்கமாகச் செய்வது கணினித் திரையை மூடுவதுதான். இன்று தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்க மேடம், ஏன் நின்னுக்கிட்டு" என்றார். இருமல் மாத்திரைக்கு எதற்கு நாற்காலி?

பதினொரு மணிக்குக் கணக்கு அதிகாரி படியில் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார். போதாததற்குப் புன்னகை வேறு. பாஸ்வேர்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தார் என்று போன மாதம்தான் எல்லார் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். எனக்கு வழிவிட அவருக்கு ஒரு நியாயமும் கிடையாது.

என்னமோ சரியில்லை.

ஜூன் 4, புதன்

இங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. "பூதக்கண்ணாடி வருது" என்ற செய்தி ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்கு என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடும். என் வேலை அப்படி. ஒரு நோயாளியின் கோப்பை யார் திறந்தார், எப்போது திறந்தார், திறக்க அவருக்கு வேலை இருந்ததா என்று பார்க்க வேண்டும். வேலை இல்லாமல் திறந்தவர்களை மேலிடத்துக்கு எழுத வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களுக்குக் கணினிக்குள் நுழையும் வழியை அன்றைக்கே அடைக்க வேண்டும். பிரிண்டரில் யாரும் எடுக்காமல் கிடக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பொறுக்கி, யார் விட்டது என்று வார்டு வார்டாகக் கேட்க வேண்டும். இதெல்லாம் செய்ய ஒரே ஒரு ஆள், நான். ஓர் அறை, ஜெனரேட்டரைப் பார்த்தபடி ஒரு ஜன்னல்.

சாப்பாட்டு அறையில் என் மேசைக்கு ஒரே ஒருத்திதான் வருவாள். பதிவறைக்காரி. பழைய காகிதக் கோப்புகளும் கணினியில் ஏற்றிய விவரங்களும் அவள் பொறுப்பு. என்னைவிட ஆறு வயது சின்னவள். வாய் ஓயாது. ஆறு வருடமாக மதியம் ஒரு மணிக்கு டப்பாவோடு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். முதல் நாள், "வேற எங்கயும் இடம் இல்லக்கா, அதான்" என்றாள். அன்றைக்கு நாலு மேசை காலியாக இருந்தது.

இன்று அவளும் பேசவில்லை. ஆரஞ்சை உரித்து முக்கால்வாசியை என் பக்கம் தள்ளினாள்.

"ஏன், உனக்கு வேண்டாமா?"

"சாப்பிடுங்கக்கா."

அவ்வளவுதான். அவள் இப்படி ஒற்றை வார்த்தையில் பேசி நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 5, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடப்போகிறதா?

ஏப்ரல் கடைசியில் முகம் கழுவும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு. ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த பரிசோதனை, எல்லாம் எங்கள் மருத்துவமனையிலேயே செய்துகொண்டேன். முடிவில் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று போட்டிருந்தது. அறுவை மருத்துவர் இன்று சொன்னார்: "பாதியை எடுத்துரலாம். எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும். கொஞ்ச நாளைக்குக் குரல் கம்மும், பயப்படாதீங்க." ஜூலை 8 என்று தேதி குறித்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல? அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தம்பி வேறு தேசத்தில் இருக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பேசுவோம். அங்கே வெயிலா, இங்கே மழையா என்று கேட்டு வைத்துவிடுவோம். சொன்னால், "தனியா இருக்காதன்னு அப்பவே சொன்னேன்ல" என்பான். அதைக் கேட்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

அட்மிஷனில் முன்பதிவு செய்யப் போனேன். மேசையில் இருந்த பெண் என் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறந்த தேதி, முகவரி, ஒத்துக்கொள்ளாத மருந்து. பிறகு கேட்டாள்:

"அவசரத் தொடர்புக்கு உங்க தங்கச்சி நம்பர் இருக்கு மேடம். அதேதானே?"

"எனக்குத் தங்கச்சி கிடையாது."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். பதிவறைக்காரியின் பெயர். உறவு: தங்கை. அவளுடைய கைபேசி எண்.

அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டியது. முன்பு அதில் அம்மாவின் எண் இருந்தது. அம்மா போன அடுத்த வாரம் நானே அழித்தேன். தப்பான தகவலைவிடக் காலிக் கட்டம் எவ்வளவோ மேல் என்று பயிற்சி வகுப்பில் ஊருக்கெல்லாம் சொல்கிறவள் தன் கோப்பில் செய்ய வேண்டாமா? அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே போட எனக்கு ஆள் இல்லை.

"தப்பா இருந்தா மாத்திரவா மேடம்?"

"வேண்டாம். இப்ப எதையும் தொடாதீங்க."

மதியம் சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி தின்றேன். ஒன்று ஐந்துக்கு யாரோ தட்டினார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான். நான் திறக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

எங்கள் ஊழியர்கள் நோயாளிகளாகவும் இருப்பார்கள் இல்லையா, அவர்களுடைய கோப்புகளை யார் யார் திறந்தார்கள் என்று மாதம் ஒரு பட்டியல் எடுப்பேன். பத்தொன்பதாம் தேதி எடுக்க வேண்டியது. இன்றே எடுத்தேன். என் பெயரைத் தேடுவதற்காகவே எடுத்தேன். தன் விஷயத்தைத் தானே விசாரிக்கக் கூடாது என்று விதி எழுதியவளும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

நேற்று என் முன்னாலேயே திறந்த அட்மிஷன் பெண்ணை விட்டுவிட்டால், பதினொரு பேர்.

ஐந்து பேருக்கு வேலை இருந்தது. அறுவை மருத்துவர், அவருடைய உதவியாளர், ஸ்கேன் எடுத்தவர், ஊசி போட்டவர், பரிசோதனைக் கூடம். மீதி ஆறு பேருக்கும் என் கழுத்தில் ஒரு வேலையும் கிடையாது. மருந்தாளர், நாற்பது விநாடி. கணக்கு அதிகாரி, இரண்டு நிமிடம். மனிதர் எழுத்துக் கூட்டிப் படிப்பார் போல. பணியாளர் பிரிவில் இரண்டு பேர், ஒரே கணினியில் அடுத்தடுத்து. கணினிப் பிரிவுத் தலைவர். இந்த விதிகளை எழுதும்போது கமா எங்கே போடுவது என்பதுவரை எனக்கு உதவி செய்த புண்ணியவான்!

ஆறாவது அவள். மே 26, மே 27, மே 29. முதல் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். மூன்றாவதற்குப் பக்கத்தில் 'திருத்தம்' என்று இருக்கிறது. முன்பு இருந்தது: காலி. இப்போது இருப்பது: அவள்.

நாற்காலியும் புன்னகையும் ஆரஞ்சும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறது. எனக்குத் தெரியாமல் ஆளாளுக்கு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் கூசுகிறது. இதைத்தானே ஒன்பது வருடமாக வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னேன்? சொன்ன எனக்கே இன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

ஜூன் 11, புதன்

விதி எனக்கு மனப்பாடம். வேலை இல்லாமல் திறந்தால் எழுத்தில் எச்சரிக்கை. திறந்ததை அச்சடித்தாலோ, மாற்றினாலோ ஒரு மாதம் சஸ்பெண்ட், பிறகு இடமாற்றம். 'காரணம் எதுவாயினும்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது நான்.

போன வருடம் பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் இருந்தார். அவருடைய அண்ணன் நெஞ்சுவலி என்று இங்கே சேர்ந்தார். அண்ணன் தம்பிக்குள் பத்து வருடமாகப் பேச்சு இல்லை. இவர் அண்ணனின் கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "பொழச்சுட்டானான்னுதான் மேடம் பாத்தேன். வார்டுக்குப் போனா மூஞ்சத் திருப்பிக்குவான்" என்றார். "காரணம் எதுவா இருந்தாலும் விதி ஒண்ணுதான்" என்று நான் சொன்னேன். சஸ்பெண்ட் ஆனவர் திரும்பி வேலைக்கு வரவில்லை. இப்போது கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறார். நான் பேருந்துக்கு அடுத்த தெரு வழியாகப் போகிறேன்.

அவருக்கு ஒரு நியாயம், என்னோடு சாப்பிடுகிறவளுக்கு ஒரு நியாயமா?

ஜூன் 12, வியாழன்

அழித்தேன். அறிக்கையின் வரைவில் அவளுடைய வரியை மட்டும். பதினொன்று பத்தாயிற்று. பட்டியல் மூடிக்கொண்டது, இடைவெளிகூடத் தெரியவில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது? எல்லாரையும் சரிபார்க்க நான் இருக்கிறேன். என்னைச் சரிபார்க்க இந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்?

ஜூன் 13, வெள்ளி

பதிவறைக்குப் போனேன். ஏணியில் நின்று மேல்தட்டில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"பாத்துட்டீங்களா?"

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"ஸ்கேன் ரிப்போர்ட்ட ஏத்தறப்போ உங்க ஃபைல் நம்பர் வந்துச்சுக்கா. மூடிட்டேன். சத்தியமா மூடிட்டேன். சாயந்தரம்தான் மனசு கேக்கல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

மாட்டேன். சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும்.

"பாத்தது போகட்டும். மாத்தினியே, அது எதுக்கு?"

"அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு." குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கு. "ஆறு வருஷமா எதிர உக்காந்து சாப்பிடறேன், அந்தக் கட்டம் காலியா இருக்குக்கா! நாளைக்கு ஆபரேஷன் டேபிள்ல ஒண்ணுன்னா அவங்க யாரக் கூப்பிடுவாங்க? ஜெனரேட்டரையா?"

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"தங்கச்சின்னு போட்டிருக்க."

"தோழின்னு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அதுல எனக்கு வயசுக்கு ஒத்து வந்தது அது ஒண்ணுதான்."

நான் திரும்பி வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து என்ன செய்தேன்? 'உறவு என்ற பட்டியலில் தோழி இல்லை, சேர்க்க வேண்டும்' என்று குறித்து வைத்தேன். என்னைத் திருத்தவே முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

துவைத்தேன். கொடியில் என் துணி மட்டும் ஒரு பாதிக்குக்கூட வரவில்லை. தம்பி கூப்பிட்டான். அங்கே நல்ல வெயிலாம். இங்கே மேகமாக இருக்கிறது என்றேன். "உடம்பு நல்லா இருக்கில்ல?" என்று கேட்டான். "ம்" என்றேன். ஒரு எழுத்தில் ஒரு பொய்.

இரண்டு நாளாக ஒன்றையே யோசிக்கிறேன். அவள் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது. ரொம்பவே. இந்த மூன்று வருடத்தில் யாரும் எனக்காக இவ்வளவு செய்ததில்லை. அதனால்தான் பயப்படுகிறேன். எனக்குப் பிடித்தால் மன்னிப்பு, பிடிக்காவிட்டால் அறிக்கை என்று ஆகிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு வகுப்பு எடுப்பேன்? அந்தக் கணக்கு அதிகாரி என் கோப்பைப் படித்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அவருக்கும் ஒரு நல்ல மனசு இருந்திருக்கலாம். யார் கண்டது? புன்னகை செய்தாரே.

அதோடு, இன்றைக்கு ஒரு எண். நாளைக்கு வேறொருத்தி நல்ல மனசோடு வேறொருவரின் ரத்த வகையைத் திருத்திவைப்பாள். ஒரு கட்டத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பிறகு எந்தக் கட்டத்தையும் நம்ப முடியாது. இதை நான் நம்புகிறேன். நம்பாமல் இத்தனை வருடம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலையில் முதல் வேலையாக அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'இந்தப் பட்டியலைத் தன் பெயரைத் தேடும் பொருட்டு உரிய தேதிக்கு ஒன்பது நாள் முன்பாக எடுத்தவர், இந்த அறிக்கையை எழுதுபவர். இடையில் ஒரு பெயரை நான்கு நாள் நீக்கியும் வைத்திருந்தார்.'

எடுத்துக்கொண்டு போய் சூப்பரின்டென்டிடம் கொடுத்தேன். நல்ல மருத்துவர், நல்ல மனிதர், எதிலும் கையெழுத்துப் போடப் பிடிக்காதவர். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், உங்க ஃபைல்தானே? நீங்களே பெரிய மனசு பண்ணி விட்டுட்டா முடிஞ்சுது. இத ஊதிப் பெருசாக்கணுமா?"

"என் ஃபைல்ங்கறதாலதான் சார் நான் முடிவு பண்ணக் கூடாது. நீங்க பண்ணுங்க."

"அந்தப் பொண்ணு உங்களோடதானே சாப்பிடும்?"

"ஆமா."

"சஸ்பெண்ட் ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். அந்த விதிய நான்தான் எழுதினேன்."

"உங்களோட வேலை பாக்கறது ரொம்பக் கஷ்டம் மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிக்கு என்ன வியாதி என்று சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

ஐந்து பேருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கும் ஒன்று. அவளுக்கு இன்றிலிருந்து ஒரு மாதம் சஸ்பெண்ட். திரும்பி வந்ததும் பழைய கட்டடத்துச் சாமான் கிடங்கில் வேலை.

அவளைக் கணினியிலிருந்து அடைக்க வேண்டியது என் பொறுப்பு. அடைத்தேன்.

தவறான தகவலை நீக்கச் சொல்லிக் கணினிப் பிரிவுக்கு எழுத வேண்டியதும் என் பொறுப்பு. எழுதினேன். சரியாக நீக்கினார்களா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். அவள் பெயர் இருந்தது, பக்கத்தைப் புதுப்பித்தேன், இல்லை. காலிக் கட்டத்தில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

அவள் சாமான்களை எடுக்க வந்தாள். பதிவறை வாசலில் நின்றேன். டப்பா, குடை, செருப்பு ஒரு ஜோடி, எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் திணித்தாள். நான் நிற்பது தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் பேர எடுத்துட்டீங்களா?"

"கணினிப் பிரிவுல எடுத்தாங்க."

"யார் சொல்லி?"

"நான் சொல்லித்தான்."

தலையாட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். இவ்வளவு வாயாடி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நாலு வார்த்தை கேட்கக் கூடாதா?

"சஸ்பெண்ட் பண்ணது பரவால்லக்கா. விதி இருக்கு, தப்புப் பண்ணேன், சரி. ஆனா எம்பேர எடுத்துட்டு அங்க வேற யார் பேரப் போட்டீங்க?"

அவள் போய்விட்டாள்.

ஜூன் 23, திங்கள்

ஒரு மணிக்குப் பழக்கதோஷத்தில் எதிர் நாற்காலியைத் துடைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மருந்தாளர் என்னைக் கண்டதும் திரையை மூடுகிறார். கணக்கு அதிகாரி படியில் இடித்துக்கொண்டு போகிறார். பணியாளர் பிரிவில் நான் நுழைந்தால் பேச்சு பட்டென்று நிற்கிறது. இது பரிச்சயமான இடம். இதில் எனக்கு நடமாடத் தெரியும்.

இன்று வகுப்பு இருந்தது, புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள் எட்டுப் பேர். காலிக் கட்டம் பற்றிய வரி வந்தபோது வாய் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். ஒருத்தி அதையும் குறித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

அவளுக்கு ஃபோன் பண்ணினேன். அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும்.

ஜூலை 3, வியாழன்

கடைத்தெரு வழியாகப் போனேன். வேண்டுமென்றேதான். கண்ணாடிக் கடையில் அவர் இருந்தார், பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். உள்ளே போனேன். எனக்கு வெள்ளெழுத்து வந்து இரண்டு வருடம் ஆகிறது, அது ஒரு சாக்கு.

அவர் அடையாளம் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. "சொல்லுங்க மேடம்" என்றார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணாடியை என் மூக்கில் பொருத்தினார்.

"உங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

"அதுக்கப்புறம் எட்டு மாசம் இருந்தார் மேடம்."

"பேசினீங்களா?"

"ரெண்டு தடவ." சட்டத்தைக் கழற்றித் துடைத்தார். "சஸ்பெண்ட் ஆனது அவருக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. எனக்காகவா போய் மாட்டிக்கிட்டன்னு அவரே வீட்டுக்கு வந்துட்டார்."

நான் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன். எதற்கு என்று கேட்பது? விதி சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அன்றைக்கு அவரை உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்தே பேசினேன், அது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "அன்னிக்கு உங்கள உக்காரச் சொல்லியிருக்கணும்."

"பரவால்ல மேடம்" என்றார். கண்ணாடி திங்கட்கிழமை கிடைக்குமாம். திங்கட்கிழமை நான் வர முடியாது என்றேன், ஏன் என்று சொல்லவில்லை. இல்லை, சொன்னேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னேன். "எட்டாம் தேதி எனக்குக் கழுத்துல ஆபரேஷன். அதான்." வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் முறை.

ஜூலை 7, திங்கள்

சேர்ந்துவிட்டேன். இரண்டாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. ஒரு துண்டு, இரண்டு நைட்டி, இந்த நோட்டு.

அட்மிஷனில் அதே பெண். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் விரல் தயங்கியது.

"அவசரத் தொடர்பு, மேடம்?"

"காலியா விடுங்க."

"ஆபரேஷன்னா காலியா விட முடியாது மேடம். ஒண்ணு, யார் பேராவது வேணும். இல்லன்னா..." அவளுக்கு அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். 'அவசர நிலையில் தகவல் தெரிவிக்க எனக்கு எவரும் இல்லை' என்று அச்சிட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. நான்கு வருடத்துக்கு முன்னால் நான் வடிவமைத்த படிவம்தான். சொற்களை எவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறேன்!

தம்பி பெயரைப் போடலாம்தான். போட்டால் ஒருவேளை அவனைக் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு ஆபரேஷன் என்பதையே அவன் அப்போதுதான் கேட்பான். அந்தக் கொடுமையை அவனுக்குச் செய்ய வேண்டாம். அவள் பெயரைப் போடலாமா? அவளைக் கேட்காமல் போட்டால், அவள் செய்ததை நானும் செய்தவள் ஆவேன். ஃபோனை எடுக்காதவளை எப்படிக் கேட்பது?

கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினாள்.

இங்கே பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண்மணி. அவரைச் சுற்றி ஏழு பேர், ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாது" என்று நர்ஸ் விரட்டுகிறாள். ஐந்து பேர் வெளியே போய் நாலு பேர் திரும்பி வருகிறார்கள். எரிச்சலாக வருகிறது. எரிச்சல் இல்லை, பொறாமை. அதைப் பொறாமை என்றே எழுதுகிறேன்.

ஜூலை 10, வியாழன்

முந்தாநாள் முடிந்தது. பாதியை எடுத்துவிட்டார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். கழுத்தில் கட்டு, ஒரு குழாய். பேசக் கூடாது, நான்கு நாளைக்கு வாயையே திறக்கக் கூடாது என்று மருத்துவர் உத்தரவு. எழுதிக் காட்ட ஒரு அட்டையும் பென்சிலும் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்றுக் காலை கட்டு மாற்ற வந்த நர்ஸ் என் வகுப்பில் இருந்தவள், எட்டுப் பேரில் ஒருத்தி. கட்டு மாற்றும்போதே, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னாள்:

"மேடம், நேத்துக் காலைலேருந்து ஒருத்தங்க அஞ்சு தடவ வார்டுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சுதா, கண்ணு முழிச்சாங்களான்னு. பேர்லாம் சொன்னாங்க. இதே ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்கதான்னும் சொன்னாங்க. ஆனா உங்க ஃபைல்ல எவரும் இல்லைன்னு இருக்கு. நாங்க ஒரு வார்த்தை சொல்லல. அப்படி ஒருத்தர் இந்த வார்டுல இருக்காங்கன்னுகூடச் சொல்லல. நீங்க வகுப்புல சொன்ன மாதிரியே."

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள். பாராட்டத்தான் வேண்டும். சரியாகச் செய்திருக்கிறாள். தலையாட்டினேன்.

"கடைசித் தடவ அழுதுட்டாங்க மேடம். 'உயிரோட இருக்காங்களா, அத மட்டும் சொல்லும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்'னாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் சொல்லலையே!"

ஐந்து தடவை. வேறு எப்படித் தெரிந்துகொள்வாள்? கணினியைத் திறந்து பார்க்க வழியில்லை, நான் அடைத்துவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்க, நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்றே தெரியாமல் இருந்திருக்கிறாள். இந்த விதியும் நான் எழுதியதுதான். இது நல்ல விதி. அழுகிற குரலையெல்லாம் நம்பினால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிவிடலாம். எல்லாம் சரி, எல்லாம் சரி... அழுதாளாமே!

அட்டையை வாங்கிப் பெரிதாக எழுதினேன்: 'இந்த நம்பருக்கு இப்ப ஃபோன் போடு.' எண்ணையும் எழுதினேன்.

நர்ஸ் படித்தாள். படித்துவிட்டு, அட, என் மாணவியல்லவா, கேட்டாள்: "யாருன்னு ஃபைல்ல ஏத்திட்டுப் போடவா மேடம்? அனுமதி இல்லாம..."

'ஏத்தறதுக்கு அவங்ககிட்டதான் கேக்கணும். முதல்ல போடு.'

தன் கைபேசியில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே பதிவறைக்காரி எடுத்துவிட்டாள். நர்ஸ் யார், எந்த வார்டு என்று சொல்லி, "மேடம் நாலு நாளைக்குப் பேசக் கூடாது, ஆனா கேப்பாங்க. நீங்க பேசுங்க" என்று ஃபோனை என் காதில் வைத்தாள்.

மூச்சு மட்டும் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்:

"பேசவே கூடாதா? நாலு நாளைக்கா? நல்லதாப் போச்சு. அப்ப நான் பேசறேன், கேளுங்க."

திட்ட ஆரம்பித்தாள். கிடங்கில் தொடங்கி, அவள் எடுக்காமல் விட்ட என் ஃபோனில் புகுந்து, அந்தப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்துவரை வந்தாள். அதுவும் ஆபரேஷன் தேதியும் அவளுக்கு எப்படித் தெரிந்தன என்று தெரியவில்லை. விசாரிக்கப்போவதில்லை. என்னென்ன சொன்னாள் என்று இங்கே எழுதப்போவதும் இல்லை. நடுவில் நர்ஸுக்குக் கை வலித்துவிட்டது போல. இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.